துடிக்காத குழாய்

அம்மா அந்தக் குழாயைத் தொட்டிருக்கக் கூடாது. தொடக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு இரண்டும் வாசிக்க வராது என்பது உண்மைதான். ஆனால் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு கையையும் அதன் மேல் ஒரு கோட்டையும் வரைந்து படமும் போட்டிருந்தார்கள். மீன் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக அதே படத்தைப் பார்த்தவர் அம்மா. தெரிந்துதான் தொட்டார்.

அன்று எங்கள் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். குவாண்டம் கணினி ஆய்வு நிலையத்தில் முதுகலை ஆராய்ச்சி மாணவியாக நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா எங்கள் ஊரான காப்பாரில் இறாலும் மீனும் உறையவைத்துப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய், என் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குத் திறக்காத ஒரு கதவைத் தாண்டி உள்ளே நடப்பதைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கீழ்த்தளத்து அறையின் நடுவே, கூரையிலிருந்து ஒரு வெள்ளை உருளை தொங்கும். அதற்குள்தான் கணினியின் மூளையான சில்லு இருக்கிறது. விண்வெளியைவிடக் குளிராக வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். அந்தக் குளிரைத் தரும் இயந்திரத்தை நாங்கள் எல்லோரும் 'ஃபிரிட்ஜ்' என்றே சொல்வோம். அதிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு, கம்பி பின்னிய இரண்டு பருத்த குழாய்கள் பக்கத்து அறைக் கம்ப்ரஸருக்குப் போகின்றன. நான் நான்காவது மாடியில் உட்கார்ந்து நிரல் எழுதுபவள். அந்த அறைக்குள் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், சேர்ந்த வாரத்தில், பராமரிப்புக்காக இயந்திரத்தை நிறுத்தியிருந்த ஒரு நாளில், போயிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வந்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா குனிந்து குழாயைப் பிடித்தார்.

"ஏம்மா, இது ஓடலயே."

"ஓடுதும்மா. மொதல்ல கைய எடுங்க."

"ஓடுனா குழா துடிக்கும். எங்க கோல்ட் ரூம்ல கைய வச்சாலே தெரியும். இது செத்த பாம்பு மாதிரி கெடக்கு."

பின்னால் நின்ற ஒரு தமிழ்க் குடும்பம் சிரித்துவிட்டது. அவர்களின் பெண் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சுட்டது.

"நல்ல மெஷின் சத்தம் போடாதும்மா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்க ஃபேக்டரி மெஷின் பழசு. அதான் அப்படித் துடிக்குது."

அந்தப் பதிலை அந்த நொடியில்தான் கண்டுபிடித்தேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. சொன்ன தோரணையில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அம்மா மட்டும் நம்பவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போக, கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில்தான் மறுபடியும் ஆரம்பித்தார்.

"போன வருசம் எங்க கோல்ட் ரூம் பேப்பர்ல மைனஸ் பதினெட்டுன்னு இருந்துச்சு. குளிர அளந்து கோடு போடுற பேனா ஒரே எடத்துல மாட்டிக்கிச்சுன்னு யாருக்கும் தெரியல. உள்ள எறா சொட்டிக்கிட்டு இருக்கு. சூப்பர்வைசர் பேப்பரத் தூக்கிக் காட்டி, நீங்கதான் கதவத் தொறந்து போட்டீங்கன்னு எங்களத் திட்டுனான்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. நீ படிச்சவ. உனக்குத் தெரியும்."

அம்மா 'நீ படிச்சவ' என்று சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள். ஜன்னல் பக்கம் திரும்பி, கிள்ளான் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குவாண்டம் கணினி நிறையத் தப்புச் செய்யும். எந்த மாதிரித் தப்பு, எவ்வளவு தப்பு என்று அளந்து, வந்த விடையிலிருந்து அதைக் கழித்துச் சரியான விடையை மீட்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அது பாதிதான் பலித்தது. பிறகு திடீரென்று அற்புதமாகப் பலிக்க ஆரம்பித்தது. முதல் இரண்டு வார முடிவுகளை வைத்து அவசரமாக ஒரு கட்டுரை எழுதினேன். வெளிநாட்டு மாநாடு ஒன்று அதை மூன்றே வாரத்தில் ஏற்றுக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் முதல் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எனக்காக எடுக்கப்பட்டது. கட்டுரையின் முதல் பக்கத்தை அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு, தொலைக்காட்சிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். அதில் முதலில் இருந்தது என் பெயர். இரண்டாவது, என்னோடு வேலை செய்யும் சீனியர் மாணவனின் பெயர். மூன்றாவது, எங்கள் நிலையத்தின் தலைவரான பேராசிரியரின் பெயர்.

திங்கட்கிழமை என் மேசையில் உட்கார்ந்தேன். அம்மா சொன்னது தப்பு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் பழைய எண்களையெல்லாம் எடுத்து ஒரே வரைபடமாகப் போட்டேன். உண்மையான இயந்திரம் ஒரே நாளில்கூட ஒரே மாதிரி இருக்காது. காலையில் ஒரு அளவு தப்பு, மாலையில் வேறு அளவு. கோடு, குழந்தை கிறுக்கியது போல மேலும் கீழும் போகும். தொடக்கத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலான கோடு அப்படித்தான் இருந்தது. கடைசி ஆறு வாரத்துக் கோடு மட்டும் சின்னச் சின்ன நடுக்கத்தோடு, எங்கும் சாயாமல் நேராகப் போனது.

என் வழி பலிக்க ஆரம்பித்ததும் அதே ஆறு வாரம் முன்புதான்.

கீழே இறங்கிப் போனேன். என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. பொதுமக்கள் வந்த அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் அனுமதி தந்திருந்தார்கள் போலிருக்கிறது. ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் அண்ணன் வரும்வரை வாசலில் நின்றேன். செந்தூலிலிருந்து வருகிறவர். இருபது வருடம் ஆஸ்பத்திரி ஸ்கேன் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்.

"அண்ணே, ஃபிரிட்ஜ் ஓடுதா?"

அவர் முதலில் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"ஏன் கேக்குறம்மா?"

"சும்மாதான்."

"சும்மா கேக்க நாலு மாடி எறங்கி வந்தியா?" சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "மேல சொல்லிட்டேன். அவங்களக் கேளு."

மேலே என்றால் பேராசிரியர். அவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.  "அண்ணே, என் பேப்பர்ல இந்த மெஷின் எண்தான் இருக்கு. ஓடுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க," என்றேன்.  அவர் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு தடித்த நீல நோட்டு இருந்தது. பேனாவால் எழுதப்பட்ட வரிகள். ஆறு வாரத்துக்கு முந்திய தேதியில்: கட்டடத்துக் குளிர்நீர் நின்றது, கம்ப்ரஸர் நின்றது, ஃபிரிட்ஜ் சூடேறியது. அடுத்த நாள்: பார்ட் ஆர்டர் செய்தாகிவிட்டது. அதற்கடுத்து ஒவ்வொரு நாளும் ஒரே வரி: பார்ட் வரவில்லை.

"ரோசாக் ஆயி, மெஷின் கெட்டுப்போயி ஆறு வாரமாச்சு. ஓப்பன் டே அன்னிக்கு வர்றவங்ககிட்ட சொல்ல வேணாம், அதுக்குள்ள பார்ட் வந்துரும்னு மேல சொன்னாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன்." பிறகு நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்: "ஆனா நீங்க யாருமே வந்து கத்தலயே? முன்னல்லாம் அரை நாள் நின்னாலே மேலருந்து பத்து மெசேஜ் வரும். சரி, எல்லாம் எழுத்து வேலைல இருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டேன்."

நாங்கள் கத்தவில்லை. ஏனென்றால் எங்களுக்கு ஒன்றும் நிற்கவில்லை. தினமும் வேலையை அனுப்பினோம். தினமும் விடை வந்தது.

நின்றுபோன இயந்திரத்திலிருந்து விடை வருகிறது என்றால், அதை யாரோ போட்டு அனுப்புகிறார்கள்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வேலைகளை வரிசைப்படுத்தி இயந்திரத்துக்கு அனுப்பும் நிரலைக் கவனித்துக்கொண்டது அந்தச் சீனியர்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கிலம். அவன் அம்மா ஆசிரியை, அவன் அப்பா கணக்காய்வாளர். வந்த முதல் நாளே எனக்கு 'காப்பார் எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர் வைத்தான். ஏதாவது புரியாமல் கேட்டால், "அது ஈசி லா," என்று சொல்லிவிட்டுத்தான் விளக்குவான். என் கட்டுரையில் இரண்டாவது பெயராக வருவதற்கு அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நானே கற்பனை செய்துகொண்டேன். என்னை மேலே ஏற்றிவிட்டுக் கீழே தள்ளுவதற்காக அழகான பொய் எண்களை ஊட்டியிருக்கிறான். இப்படித் தோன்றிய பிறகு எல்லாமே பொருந்தியது. கட்டுரை ஏற்கப்பட்ட அன்று அவன் கைகுலுக்கியதும், "சூப்பர் லா, எனக்கே நம்ப முடியல," என்று சொன்னதும், நான் பக்கத்தில் போனதும் அவன் மடிக்கணினியை மூடியதும், எல்லாம்.

ஒரு வாரம் ஆதாரம் சேர்த்தேன். நேர்க்கோடு போட்ட வரைபடத்தை அச்செடுத்தேன். நீல நோட்டின் பக்கங்களை அண்ணனிடம் கேட்டுப் படம் எடுத்தேன். நிரலில் அந்தப் பொய் எண்கள் எங்கே பிறக்கின்றன என்று தேடினேன். அந்த இடம் கிடைத்தது: இயந்திரம் பதில் தராவிட்டால், வேலையைச் சத்தமில்லாமல் ஒரு பாவனை நிரலுக்குத் திருப்பிவிடும் பத்து வரிகள். பாவனை நிரல், இயந்திரம் செய்வது போலவே தப்புகளையும் கலந்து விடை தரும். யார் எழுதினது என்று நான் அங்கேயே பார்த்திருக்கலாம். எங்கள் நிரல்களில் எந்த வரியை யார், எந்த நாளில் எழுதினார்கள் என்பது தானாகப் பதிவாகி இருக்கும். ஒரு கட்டளை போதும். நான் பார்க்கவில்லை. அவன் முகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னேன். எதிரே உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"என்ன காப்பார், திடீர்னு ட்ரீட்டா?"

"ஃபிரிட்ஜ் ஏழு வாரமா ஓடல. தெரியுமா?"

துடைத்த கை நின்றது. "என்ன உளர்ற?"

நடிக்கிறான் என்று நினைத்தேன். வரைபடத்தை மேசையில் வைத்தேன். நோட்டின் படத்தைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தான். பரிமாறுகிறவர் சோறு கொண்டுவந்து நின்றார். யாரும் கண்டுகொள்ளாததால், "அப்புறம் வரேன் பாஸ்," என்று போய்விட்டார்.

"அப்ப இந்த நம்பர்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்றான்.

"அத நீதான் சொல்லணும்."

"நானா? ஏய், என்னைச் சொல்றியா?"

மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பத்து வரிகளைக் காட்டி, திரையை இரண்டு பேரும் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். "யாரு எழுதுனதுன்னு இப்ப பாப்போம்," என்று சொல்லிவிட்டுக் கட்டளையைத் தட்டினேன்.

பத்து வரிகளின் பக்கத்திலும் ஒரே பெயர் வந்தது. என் பெயர்.

தேதி, நான் சேர்ந்த இரண்டாவது மாதம். பழகுவதற்காக எழுதிப் போட்ட எத்தனையோ துண்டுகளோடு மறந்தே போயிருந்தது, அப்போதுதான் நினைவு வந்தது. மாணவர்களின் வேலை பாதியில் அறுந்துபோகாமல் இருக்க மாற்று ஏற்பாடு ஒன்றை எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் பேராசிரியர். எனக்குக் கிடைத்த முதல் வேலை. இரண்டே நாளில் முடித்துவிட்டேன் என்று அப்போது பெருமைப்பட்டேன். 'இது இயந்திரம் தந்த விடை அல்ல' என்று திரையில் ஓர் எச்சரிக்கை வரும்படியும் எழுதியிருந்தேன். அடுத்த வாரமே அந்த வரியை எடுத்திருக்கிறேன். எடுத்ததற்குக் காரணமும் பதிவில் இருந்தது. ஆங்கிலத்தில், என் கைப்பட: திரையில் பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

ஏன் என் வழி அற்புதமாகப் பலித்தது என்பதும் அந்த நிமிடமே விளங்கியது. எனக்குத் தெரிந்த மாதிரித் தப்புகளைத்தான் நான் அந்தப் பாவனைக்குள் கலந்திருந்தேன். பிறகு அதே மாதிரித் தப்புகளைக் கழிக்க ஒரு வழி கண்டுபிடித்து, மாநாட்டுக்கு அனுப்பியிருந்தேன். கேள்வித்தாளும் நான் போட்டது, விடைத்தாளும் நான் எழுதியது, மதிப்பெண்ணும் நான் கொடுத்தது.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். உண்மையாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்னப் புடிக்க வலை போட்டு உன்னையே புடிச்சிக்கிட்டியே லா!" பிறகு சட்டென்று நிறுத்தினான். "ஏய். அதுல என் பேரும் இருக்கு."

சோறு வந்தது. இரண்டு பேரும் பிசைந்துகொண்டே இருந்தோம்.

"ஒண்ணு பண்ணலாம்," என்றான் மெதுவாக. "பார்ட் வந்து ஓட ஆரம்பிச்சதும் திரும்ப எடுப்போம். மாநாட்டுக்கு முன்னாடி நம்பர மட்டும் மாத்திடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அதை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். காப்பாருக்குப் பேருந்தில் போகும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். கடப்பிதழ், ஆணியில் தொங்கும் பக்கம், அப்பா தன் லோரி நண்பர்களைக் கூட்டிவந்து காட்டியது எல்லாம் கண்முன் வந்தது. உண்மையான எண்கள் அந்த அழகில் ஒருநாளும் வராது என்பதும் எனக்குத் தெரியும். அப்புறம் நினைத்தேன்: ஒரு வாரம் நான் எப்படித் தேடினேன்? நேர்க்கோட்டைப் பார்த்தேன், நோட்டைப் படம் எடுத்தேன், வரிகளைத் தோண்டினேன். என்னைப் போல ஒருத்தி எங்காவது இருப்பாள். அவளுக்கும் யார் மேலாவது ஆத்திரம் இருக்கும். அவள் தட்டும் கட்டளையிலும் இதே பெயர்தான் வரும். அவள் தட்டும்வரை காத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

திங்கட்கிழமை பேராசிரியரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, இது இன்னும் யாருக்குத் தெரியும் என்பதைத்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் நின்றது தனக்குத் தெரியும் என்றும், என் எண்கள் அதற்கு முன்பே எடுத்தவை என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். வரைபடங்களில் தேதி இருந்ததே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார் என்பது மட்டும் தெரியும். சீனியரும் போட்டான், மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்த பிறகு. என் படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டது. நான் விமானம் ஏறவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா இறாலின் நரம்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னிக்கு ஓடல."

"ஓடல."

"பத்து பேருக்கு முன்னாடி என்ன சொன்ன? எங்க ஃபேக்டரி மெஷின் பழசு."

"சொன்னேம்மா."

"பழசுதான்," என்றார். "ஆனா ஓடுது."

எழுந்து கையைக் கழுவி, தொலைக்காட்சிக்கு மேலிருந்த பக்கத்தைக் கழற்றினார். கிழிப்பாரோ என்று நினைத்தேன். அலமாரியில், என் பழைய பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகளுக்கு அடியில் வைத்தார். ஆணியைப் பிடுங்கட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும்," என்றார்.

பார்ட் வந்தது அதற்கும் ஐந்து வாரம் கழித்து. ஃபிரிட்ஜ் குளிர்ந்து முடிய இன்னும் சில நாள் ஆனது. தொழில்நுட்பர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "வந்து பாத்துக்கம்மா, அப்புறம் நான் பொய் சொல்றேன்னு நெனப்ப," என்றார். கதவைத் திறந்ததுமே கேட்டது. ஒரு நொடிக்கு ஒன்றுக்கு மேல், ச்சிக், ச்சிக், ச்சிக் என்று ஓயாத சத்தம். நல்ல மெஷின் அப்படிச் சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சிவப்பு வட்டப் படத்துக்குக் கீழே குனிந்து குழாயைப் பிடித்தேன். உள்ளே ஏதோ உயிர் ஓடுவது போல விரலில் இடித்தது.

பாவனை நிரலைத் தனியாகப் பிரித்து, அந்த எச்சரிக்கை வரியைப் பெரிய சிவப்பு எழுத்தில் திரும்பப் போட்டேன். முதல் வேலையை அனுப்பினேன். எண்கள் கிறுக்கலாக வந்தன. என் வழி பாதிதான் பலித்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அந்தச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கைப்பேசியைக் காதில் வைத்து, யாரோ பேசுவதைக் கேட்பது போலக் கண்ணைச் சுருக்கிக் கேட்டார்.

"ம். இப்ப ஓடுது."

கைப்பேசியைத் திருப்பித் தந்தார். நான் வாங்கிக்கொண்டபோது, "இது எப்ப புடிச்சது?" என்று கேட்டார்.

"காலைல."

"காலைல ஓடுனது," என்றார் அம்மா. "இப்ப?"

அடுத்த நாள் காலை, என் மாடிக்கு ஏறுவதற்கு முன் கீழ்த்தளத்துக்குப் போனேன். இப்போது என் அட்டைக்கு அந்தக் கதவு திறக்கிறது. குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நீல நோட்டில் அண்ணனின் வரிக்குக் கீழே நேரத்தையும் என் பெயரையும் எழுதினேன். அதன் பிறகே மேலே போய் வேலையை அனுப்பினேன். அன்றிலிருந்து அப்படித்தான்.